ஐந்து ஆண்டு காத்திருக்கும் ஸ்பெயின் ஒயின்: ‘ரிசர்வ்’ என்ற சொல்லுக்குப் பொருள் என்ன? மகாராஷ்டிரத்தில் அது ஏன் கடினம்?

புனே: ஸ்பெயின் நாட்டிலிருந்து வரும் சிவப்பு ஒயின் புட்டியிலும், நாசிக்கில் தயாராகும் சிவப்பு ஒயின் புட்டியிலும் ஒரே சொல் காணப்படுகிறது: ‘ரிசர்வ்’. ஸ்பானிய மொழியில் அது ‘ரெசெர்வா’. இரண்டும் ஒன்றுபோல ஒலித்தாலும், ஸ்பெயினின் ரியோஹா பகுதியில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் சட்டம் வகுத்த மாதக் கணக்கு இருக்கிறது. இந்தியப் புட்டிகளில் அது பெரும்பாலும் தயாரிப்பாளர் தமது வரிசையில் உயர்ந்ததாகக் கருதும் ஒயினுக்குச் சூட்டும் பெயராகவே இருக்கிறது.

இறக்குமதி ஒயின்கள் மீதான சுங்க வரி, வர்த்தக ஒப்பந்தங்களின் வழியே படிப்படியாகக் குறையத் தொடங்கியுள்ள காலத்தில், இந்த வேறுபாடு வாங்குவோருக்கு மட்டுமன்றி மகாராஷ்டிரத்தின் திராட்சை உழவர்களுக்கும் முக்கியமானதாகிறது. ஓர் ஒயினை ஐந்து ஆண்டுகள் விற்காமல் வைத்திருப்பது என்றால் என்ன, அதனால் சுவையில் என்ன மாற்றம் நேர்கிறது, அந்தக் காத்திருப்பின் செலவை யார் ஏற்கிறார்கள் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கோர்படியிலிருந்து மாஞ்சரி வரை

புனே நகரின் கிழக்கே, படைக் குடியிருப்பை ஒட்டி அமைந்த பகுதி கோர்படி. இங்குள்ள ரயில் சந்திப்பில் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று மீரஜ் நோக்கித் தெற்கே செல்கிறது. மற்றொன்று ஹடப்சர், மாஞ்சரி வழியாகத் தவுண்ட் நோக்கிச் செல்கிறது. அந்த மாஞ்சரியில்தான் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் இயங்கும் தேசியத் திராட்சை ஆராய்ச்சி மையம் 1997-ஆம் ஆண்டு முதல் செயல்பட்டு வருகிறது. அதே பாதையில் மேலும் கிழக்கே சென்றால், தவுண்ட் வட்டாரத்தின் ரோட்டி கிராமத்தில் ஒயின் ஆலை ஒன்று உள்ளது. அதற்கும் அப்பால், சோலாப்பூர் மாவட்டத்தின் அக்லூஜ் பகுதியில் இத்தாலியர்களும் இந்தியர்களும் சேர்ந்து நிறுவிய ஃப்ரடெல்லி ஆலையின் தோட்டங்கள் உள்ளன.

புனே மாவட்டத்தின் வடக்கே, நாசிக் நெடுஞ்சாலையில் உள்ள நாராயண்காவ், இந்திய ஒயின் வரலாற்றில் தனி இடம் பெற்ற ஊர். 1980-களில் சாம்ராவ் சௌகுலே தொடங்கிய இண்டேஜ் நிறுவனம், பிரெஞ்சுத் தொழில்நுட்ப உதவியுடன் இங்கேதான் நுரைக்கும் ஒயினைத் தயாரித்து ஐரோப்பியச் சந்தைக்கே அனுப்பியது. பின்னர் 1999-இல் ராஜீவ் சாமந்த் தொடங்கிய சூலா நிறுவனத்தின் வளர்ச்சியோடு, இத்தொழிலின் மையம் நாசிக்குக்கு நகர்ந்தது. மகாராஷ்டிர அரசு 2001-இல் வெளியிட்ட திராட்சை பதப்படுத்தும் தொழில் கொள்கை அந்த வளர்ச்சிக்கு ஊக்கமளித்தது.

இவ்வளவு இருந்தும், இந்தியாவில் விற்பனையாகும் உள்நாட்டு ஒயினில் பெரும்பகுதி தயாரான ஓரிரு ஆண்டுகளுக்குள் குடித்து முடிக்கப்பட வேண்டியது. நீண்ட காலம் முதிர வைக்கப்படும் சிவப்பு ஒயின் மிகச் சிறு அளவே. இதன் காரணத்தை அறிய, முதிர்ச்சியையே அடையாளமாகக் கொண்ட ரியோஹாவை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

ரியோஹா என்பது என்ன?

ரியோஹா, வட ஸ்பெயினில் எப்ரோ ஆற்றின் பள்ளத்தாக்கில் அமைந்த திராட்சை நிலப்பகுதி. லோக்ரோஞோ இதன் முக்கிய நகரம். ஆரோ என்ற சிறு நகரம் இதன் பழைய ஒயின் மையம். பகுதி மூன்று உட்பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது: ரியோஹா ஆல்தா, ரியோஹா ஆலவேசா, ரியோஹா ஓரியெந்தால். இதன் பெயரையும் தரத்தையும் காக்கும் ஒழுங்குமுறை அவையின் வரலாறு 1925-இல் தொடங்குகிறது. 1991-இல் ஸ்பெயினின் மிக உயர்ந்த ‘தகுதி பெற்ற பிறப்பிடப் பெயர்’ என்ற நிலையை நாட்டிலேயே முதலாவதாக ரியோஹா பெற்றது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் கிடைத்த புவிசார் குறியீட்டோடு இதை ஒப்பிடலாம். ஆனால் ரியோஹாவின் விதிகள் விளையும் இடத்தோடு நிற்பதில்லை. ஒயினை எத்தனை மாதம் எதில் வைத்திருக்க வேண்டும் என்பதையும் அவை வகுக்கின்றன.

இங்கு விளையும் முதன்மைத் திராட்சை டெம்ப்ரனில்லோ. ஸ்பானிய மொழியில் ‘டெம்ப்ரானோ’ என்றால் ‘முன்கூட்டியே’ என்று பொருள். பிற வகைகளுக்கு முன்பே பழுத்துவிடுவதால் இப்பெயர் வந்தது. கர்னாச்சா, கிராசியானோ, மசுவேலோ ஆகிய வகைகள் இதனுடன் சிறு அளவில் கலக்கப்படுகின்றன. கர்னாச்சா உடலும் சாராய வலுவும் தருகிறது. கிராசியானோ புளிப்பும் நறுமணமும் தருகிறது. மசுவேலோ நிறத்தையும் துவர்ப்பையும் கூட்டுகிறது.

வண்ண முத்திரை சொல்லும் கணக்கு

ரியோஹா புட்டியின் பின்புறத்தில் எண்ணிடப்பட்ட சிறு முத்திரை ஒட்டப்பட்டிருக்கும். அதன் நிறமே ஒயினின் வயதுப் பிரிவைச் சொல்லிவிடும்.

பச்சை முத்திரை பொதுப் பிரிவைக் குறிக்கும். இதில் முதிர்வுக் காலத்துக்கான நிபந்தனை இல்லை. சிவப்பு முத்திரை ‘கிரியான்சா’. சிவப்பு ஒயினாக இருந்தால் குறைந்தது 2 ஆண்டுகள் முதிர வேண்டும், அதில் ஓர் ஆண்டாவது ஓக் மரப் பீப்பாயில் இருக்க வேண்டும். அடர்ந்த கருஞ்சிவப்பு முத்திரை ‘ரெசெர்வா’. மொத்தம் 3 ஆண்டுகள், அதில் குறைந்தது ஓர் ஆண்டு பீப்பாயில். நீல முத்திரை ‘கிரான் ரெசெர்வா’; மொத்தம் 5 ஆண்டுகள், அதில் குறைந்தது 2 ஆண்டுகள் பீப்பாயிலும் 2 ஆண்டுகள் புட்டியிலும்.

ஸ்பெயின் முழுமைக்குமான பொது விதி இதைவிடச் சற்றுத் தளர்வானது. அங்கு ‘கிரான் ரெசெர்வா’ சிவப்பு ஒயினுக்குப் பீப்பாயில் 18 மாதங்கள் இருந்தால் போதும். ரியோஹா தன் விதியைத் தானே கடுமையாக்கிக்கொண்டது. இவை அனைத்தும் குறைந்தபட்ச அளவுகளே. மரபு வழுவாத ஆலைகள் இதையும் தாண்டிச் செல்கின்றன. ஆரோ நகரின் லோபெஸ் தே எரேதியா ஆலையில் ‘வினா தொந்தோனியா’ ரெசெர்வா சிவப்பு ஒயின் சுமார் 6 ஆண்டுகள் பீப்பாயில் இருக்கிறது. சட்டம் கேட்பதோ ஓர் ஆண்டுதான்.

பீப்பாய்க்குள் நடப்பது

பீப்பாய் என்பது ஒயினைச் சேமிக்கும் பாத்திரம் மட்டுமன்று. ரியோஹாவில் வழக்கமான பீப்பாயின் கொள்ளளவு 225 லிட்டர். அதாவது 750 மில்லி லிட்டர் புட்டிகள் 300 நிரம்பும். இந்த அளவிலான பீப்பாயில் ஒயினுக்கும் மரத்துக்கும் இடையே தொடுபரப்பு அதிகம். மரத்தின் நுண்துளைகளும் பலகைகளின் இணைப்புகளும் மிகச் சிறு அளவில் காற்றை உள்ளே விடுகின்றன. அந்தச் சிறு உயிர்வளி இரண்டு வேலைகளைச் செய்கிறது.

முதலாவது, திராட்சைத் தோலிலிருந்து வந்த நிறப் பொருள்களும் துவர்ப்புப் பொருள்களும் ஒன்றோடொன்று பிணைந்து பெரிய மூலக்கூறுகளாகின்றன. இளம் சிவப்பு ஒயினைக் குடிக்கும்போது நாக்கையும் ஈறுகளையும் இழுத்துப் பிடிப்பதுபோல் தோன்றும் கடுந்துவர்ப்பு, இதனால் மென்மையடைகிறது. கடுக்காயை மென்றாலும் பிஞ்சு வாழைக்காயைக் கடித்தாலும் ஏற்படும் அந்த உணர்வு, நன்கு முதிர்ந்த ஒயினில் தேநீரின் இதமான துவர்ப்பளவுக்கு இறங்கிவிடும். இரண்டாவது, பச்சைப் பழத்தின் நேரடி வாசனை மெல்லக் குறைந்து, உலர்பழத்தின் வாசனை தோன்றுகிறது.

இவற்றோடு மரமும் தன் பங்கைத் தருகிறது. பீப்பாய் செய்யும்போது பலகைகளை நெருப்பில் வாட்டி வளைப்பார்கள். அப்போது மரத்தில் வெனிலாவின் மணப்பொருளான வெனிலின் உருவாகிறது. ரியோஹாவின் பழைய ஆலைகள் பிரெஞ்சு ஓக்கைவிட அமெரிக்க ஓக்கையே விரும்பின. அமெரிக்க ஓக்கில் தேங்காய் மணம் தரும் லாக்டோன் என்ற சேர்மம் கூடுதலாக உள்ளது. மரபான ரியோஹா ஒயினில் வெனிலாவும் கொப்பரையும் கலந்த வாசனை எழுவதற்கு இதுவே காரணம்.

பீப்பாயில் இருக்கும் காலத்தில் ஒயின் சும்மா விடப்படுவதில்லை. அடியில் படியும் வண்டலிலிருந்து பிரிப்பதற்காக ஒரு பீப்பாயிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவார்கள். மரபான ஆலைகளில் ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை இது நடக்கிறது. லா ரியோஹா ஆல்தா நிறுவனம் தன் பீப்பாய்களைத் தானே செய்துகொள்கிறது. அதன் புகழ்பெற்ற ‘904’ கிரான் ரெசெர்வா சுமார் நான்கு ஆண்டுகள் பீப்பாயில் இருக்கும் ஒயின். அந்த எண், 1904-இல் மற்றோர் ஆலை அந்நிறுவனத்துடன் இணைந்ததை நினைவூட்டுகிறது. ‘890’ என்ற மற்றோர் ஒயின், நிறுவனம் தோன்றிய 1890-ஐக் குறிக்கிறது.

காத்திருப்பில் இழப்பும் உண்டு. மரத்தின் வழியே ஆண்டுதோறும் சிறிதளவு ஒயின் ஆவியாகிவிடும். அந்தக் குறையை நிரப்பாமல் விட்டால் உள்ளே காற்று பெருகி ஒயின் காடியாகிவிடும். எனவே அவ்வப்போது பீப்பாயை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். நிலவறையின் வெப்பம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்கு இந்த இழப்பும் கூடும். மகாராஷ்டிரத்தைப் பற்றிப் பேசும்போது இந்த ஒரு வரி முக்கியமாகிறது.

புட்டிக்குள் இரண்டாம் வாழ்க்கை

பீப்பாய்க் காலம் முடிந்ததும் ஒயின் புட்டியில் அடைக்கப்பட்டுத் தக்கையிட்டு, ஆலையின் நிலவறையிலேயே படுக்கை வசத்தில் அடுக்கப்படுகிறது. தக்கை ஈரமாக இருந்தால்தான் காற்று புகாது என்பதால் படுக்கவைக்கிறார்கள். இங்கு உயிர்வளி ஏறக்குறைய இல்லை. பீப்பாயில் தனித்தனியே நின்ற மரத்தின் மணமும் பழத்தின் மணமும் இப்போது ஒன்றாகக் கலக்கின்றன. தோல், புகையிலை, காய்ந்த இலை, காளான் போன்ற நறுமணங்கள் எழுகின்றன. பெரிதாகிவிட்ட நிற மூலக்கூறுகள் கரைந்து நிற்க இயலாமல் வண்டலாக அடியில் படிகின்றன.

புது அரிசி குழையும், பழைய அரிசி பதமாக வேகும் என்பது தமிழ்ச் சமையலறை அறிந்த உண்மை. பழம்புளிக்கும் நாள்பட்ட நார்த்தங்காய் ஊறுகாய்க்கும் தனி மதிப்பு உண்டு. வயது எல்லாப் பொருளையும் உயர்த்திவிடாது, உரிய பொருளை உரிய முறையில் வைத்தால் மட்டுமே உயர்த்தும் என்ற அறிவும் அதோடு சேர்ந்ததே. ஒயினிலும் நிலைமை அதுதான். உலகில் தயாராகும் ஒயின்களில் மிகப்பெரும் பகுதி இளமையிலேயே நன்றாக இருப்பவை. அவற்றை வைத்திருந்தால் கெடும். நீண்ட காலம் தாங்குவதற்குப் புளிப்பும் துவர்ப்பும் பழச்செறிவும் தொடக்கத்திலேயே போதிய அளவு இருக்க வேண்டும்.

கோப்பையில் அதன் இயல்பு

மரபான கிரான் ரெசெர்வாவைக் கோப்பையில் ஊற்றினால், முதலில் கண்ணுக்குப் படுவது அதன் வெளிறிய நிறம். இளம் ஒயினின் ஊதாச் சிவப்பு இங்கு இருக்காது. நடுவில் மாணிக்கச் சிவப்பும் விளிம்பில் செங்கல் நிறமும் தெரியும். புதிதாகக் குடிப்பவர்கள் இதைத் தண்ணீர் கலந்ததாகவோ கெட்டதாகவோ கருதக்கூடும். உண்மையில் அது வயதின் அடையாளம்.

மணத்தில் உலர்ந்த அத்தியும் புளிப்புச் செர்ரியும் முன்னே வரும். வெனிலா, கொப்பரை, தோல், சுருட்டுப் பெட்டி ஆகியவை பின்னே தொடரும். வாயில் அது கனமாக அமராது. சாராய வலுவையும் இனிப்பான பழச்சுவையையும் முன்னிறுத்தும் வெப்பநாட்டு ஒயின்களுக்கு இது எதிர்த்திசை. உயிர்ப்பான புளிப்பும் மென்மையான துவர்ப்பும் சேர்ந்து, விழுங்கிய பிறகும் சுவை நெடுநேரம் நிற்கும். ஸ்பெயினில் சுட்ட ஆட்டுக்குட்டி இறைச்சியோடு இதைப் பரிமாறுவது வழக்கம்.

வரலாறு தரும் பாடம்

ரியோஹாவில் இம்முறை எளிதில் வேரூன்றவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மனுவேல் கிந்தானோ என்ற பாதிரியார், பிரான்சின் போர்தோ நகரில் கற்ற பீப்பாய் முறையைத் தம் ஊரில் புகுத்தினார். ஒயின் நன்றாக வந்தது. நீண்ட கடற்பயணத்தையும் தாங்கியது. ஆனால் பீப்பாய்க்குச் செலவிட்ட தொகையை விலையில் ஏற்ற உள்ளூர் விதிகள் இடம் தரவில்லை. எல்லா ஒயினும் ஒரே விலைக்கு விற்கப்பட வேண்டியிருந்ததால் அம்முயற்சி நின்றுபோனது.

1860-களில் ஆலவா மாகாண நிர்வாகம் இரண்டாம் முறை முயன்றது. ஜான் பினோ என்ற போர்தோ வல்லுநரை வரவழைத்து உழவர்களுக்குப் பயிற்சி அளித்தது. பீப்பாய் வாங்கவும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவும் சிறு உழவர்களிடம் பணம் இல்லை. பெரும்பாலோர் பின்வாங்கினர். பின்னர் எல்சியேகோ ஊரில் 1858-இல் தொடங்கப்பட்டிருந்த மார்கேஸ் தே ரிஸ்கால் ஆலை பினோவைத் தன் பணியில் அமர்த்திக்கொண்டது. வசதி படைத்த பிரபுவின் ஆலையால் காத்திருக்க முடிந்தது, முறையும் நிலைத்தது.

அதே காலத்தில் பிரான்சின் தோட்டங்களை ஃபிலாக்சிரா என்ற வேர்ப்பூச்சி அழித்தது. ஒயின் கிடைக்காத போர்தோ வணிகர்கள் ரியோஹாவை நாடி வந்தனர். ஆரோ நகருக்கு ரயில் வந்ததும் நிலையத்தைச் சுற்றியே ஆலைகள் எழுந்தன. லோபெஸ் தே எரேதியா 1877-இலும், குனே 1879-இலும், லா ரியோஹா ஆல்தா 1890-இலும் தோன்றின. இன்றும் ‘ஸ்டேஷன் வட்டாரம்’ என்றே அப்பகுதி அழைக்கப்படுகிறது. அப்பூச்சி 1899-இல் ரியோஹாவையும் தாக்கியது. அமெரிக்க வேர்க்கன்றுகளில் ஒட்டுக்கட்டியே தோட்டங்கள் மீண்டன.

இந்த வரலாற்றில் ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. முதிர்ச்சி என்பது சுவை பற்றிய கேள்வியாக இருப்பதற்கு முன், முதலீடு பற்றிய கேள்வியாக இருக்கிறது. விற்காத சரக்கின் மீதான வட்டியை ஏற்க ஒருவர் முன்வந்தபோதுதான் அது நிலைத்தது.

ரியோஹாவுக்குள்ளேயே இன்று இம்முறை மீது விமர்சனம் உண்டு. காலக் கணக்கு நிலத்தின் தன்மையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை என்பது அவ்விமர்சனம். ஆர்தாதி என்ற புகழ்பெற்ற ஆலை 2015-இன் இறுதியில் ரியோஹா பெயரையே துறந்து வெளியேறியது. 2017-இல் ஒழுங்குமுறை அவை தனித் தோட்டங்களுக்கான புதிய பிரிவை ஏற்றுக்கொண்டது. பிரெஞ்சு ஓக், குறைந்த பீப்பாய்க் காலம், அடர்ந்த பழச்சுவை என்ற புதிய பாணியும் மரபுப் பாணியும் இப்போது அருகருகே நிற்கின்றன.

மகாராஷ்டிரத்தில் ஏன் கடினம்?

ரியோஹா ஏறக்குறைய 42 டிகிரி வட அட்சரேகையில் உள்ளது. நாசிக் 20 டிகிரி, புனே 18.5 டிகிரி. ஸ்பெயினில் குளிர்காலத்தில் கொடி இலையுதிர்த்து உறங்குகிறது. வசந்தத்தில் தளிர்த்து, இலையுதிர் காலத்தில் அறுவடையாகிறது. பழம் பழுக்கும் இறுதி வாரங்களில் வெப்பம் நாளுக்கு நாள் குறைகிறது. இரவுக் குளிர் புளிப்பைக் காக்கிறது.

மகாராஷ்டிரத்தில் கொடி உறங்குவதில்லை. எனவே உழவர்கள் ஆண்டுக்கு இருமுறை கவாத்து செய்து ஒரு விளைச்சல் எடுக்கின்றனர். கோடையில் செய்யும் முதல் கவாத்து அடுத்த பருவத்துக்கான கிளைகளை உருவாக்குகிறது. மழை ஓயும் வேளையில் செய்யும் இரண்டாம் கவாத்து பழக்குலையைத் தருகிறது. அறுவடை ஜனவரி முதல் மார்ச் வரை நடக்கிறது. அதாவது, ஸ்பெயினுக்கு நேர்மாறாக, இங்கு பழம் பழுக்கும்போது வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. வெப்பத்தில் சர்க்கரை விரைவாகக் கூடும். புளிப்பு விரைவாகக் குறையும். புளிப்பு குறைந்த ஒயினுக்கு நீண்ட ஆயுள் இல்லை.

அடுத்தது நிலவறை. அறுவடை முடிந்த உடனே ஏப்ரல், மே மாதங்கள் வருகின்றன. தக்காண மேட்டு நிலத்தில் பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தொடும் நாள்கள் உண்டு. ஆரோ நகரின் பழைய ஆலைகள் பாறையைக் குடைந்த நிலவறைகளில் ஆண்டு முழுவதும் இயற்கைக் குளிர்ச்சியைப் பெறுகின்றன. இங்கு அதே குளிர்ச்சிக்கு மின்சாரக் கட்டணம் செலுத்த வேண்டும். ஓக் பீப்பாய்களும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். ஐந்து ஆண்டுகள் குளிரூட்டி, ஆவியாதலை ஈடுகட்டி, முதலீட்டை முடக்கிவைத்த பிறகு, அந்தச் செலவுக்கேற்ற விலை கொடுக்க இந்தியச் சந்தையில் போதிய பேர் இருக்க வேண்டும்.

இதன் தாக்கம் ஆலையோடு நிற்பதில்லை. ஒயின் திராட்சை பயிரிடும் உழவர் பலர் ஆலைகளுடன் ஒப்பந்த அடிப்படையில் இயங்குகின்றனர். நீண்ட ஆயுளுள்ள சிவப்பு ஒயினுக்கு ஏக்கருக்குக் குறைந்த மகசூல் வேண்டும். குலைகளைக் குறைத்தால்தான் எஞ்சியவற்றில் செறிவு கூடும். கூடுதல் விலை உறுதியாகக் கிடைத்தாலன்றி எந்த உழவரும் விளைச்சலைத் தாமே குறைத்துக்கொள்ள முடியாது. 2008-இன் உலக நிதி நெருக்கடிக்குப் பின் பல ஆலைகள் தடுமாறியபோது, ஒயின் திராட்சை போட்டிருந்த உழவர் பலர் கொடிகளை அகற்றிவிட்டு உண்ணும் திராட்சைக்குத் திரும்பினர். நாராயண்காவின் முன்னோடி நிறுவனமும் கடன் சுமையில் நலிந்தது. அந்த நினைவு இப்பகுதியில் இன்னும் மறையவில்லை.

இந்திய முயற்சிகள்

ஆயினும் முயற்சிகள் நின்றுவிடவில்லை. கர்நாடகத்தின் நந்தி மலை அடிவாரத்தில் கன்வல் குரோவர் தொடங்கிய ஆலை, பிரெஞ்சு வல்லுநர் மிஷெல் ரோலானின் ஆலோசனையுடன் ‘லா ரிசர்வ்’ என்ற ஓக்கில் முதிர்ந்த சிவப்பு ஒயினை உருவாக்கியது. சூலாவின் ‘திண்டோரி ரிசர்வ் ஷிராஸ்’, ஃப்ரடெல்லியின் ‘செட்டே’ ஆகியவையும் பீப்பாய் முதிர்ச்சி பெற்றவை. ரியோஹாவின் டெம்ப்ரனில்லோவே நாசிக் மண்ணுக்கு வந்துள்ளது. திண்டோரி வட்டாரத்தின் சரோசா ஆலை ‘டெம்ப்ரனில்லோ ரிசர்வ்’ என்ற பெயரில் ஒயின் வெளியிட்டுக் கவனம் பெற்றது. விரைவில் பழுக்கும் வகை என்பதால், கோடை உச்சம் தொடுவதற்குள் அறுவடையை முடிக்க இது உதவக்கூடும் என்பது இதன் சாதகம்.

இவற்றின் பீப்பாய்க் காலம் ஆலைக்கு ஆலை வேறுபடும். ஆகவே இந்திய ‘ரிசர்வ்’ ஒன்றை ரியோஹா ‘ரெசெர்வா’வோடு பெயரளவில் ஒப்பிடுவது பொருந்தாது. தரம் குறைவு என்பது இதன் பொருளன்று. சொல்லின் அளவுகோல் வேறு என்பதே பொருள்.

வரி குறைந்தால் என்ன ஆகும்?

வெளிநாட்டு ஒயின் மீது இந்தியா நெடுங்காலமாக 150 சதவீதச் சுங்க வரி விதித்து வந்தது. அதற்கு மேல் மாநிலங்களின் வரிகளும் உண்டு. 2022 டிசம்பர் 29-இல் நடைமுறைக்கு வந்த இந்திய-ஆஸ்திரேலிய ஒப்பந்தம் இதில் முதல் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. புட்டிக்கு 5 டாலருக்கு மேற்பட்ட ஆஸ்திரேலிய ஒயினுக்கு வரி உடனடியாக 100 சதவீதமாகவும், 10 ஆண்டுகளில் 50 சதவீதமாகவும் குறைய வகை செய்யப்பட்டது. 15 டாலருக்கு மேற்பட்டவற்றுக்கு உடனடியாக 75 சதவீதம், 10 ஆண்டுகளில் 25 சதவீதம். 2022 ஜூனில் மீண்டும் தொடங்கிய இந்திய-ஐரோப்பிய ஒன்றிய வர்த்தகப் பேச்சிலும் ஒயின் வரி முக்கியப் பொருளாக இடம்பெற்றது என்பது குறிப்பிடத்தக்கது.

விலை வரம்பு வைப்பதன் நோக்கம் தெளிவானது: மலிவான வெளிநாட்டு ஒயின் வெள்ளமாகப் புகுந்து உள்நாட்டு உழவரைப் பாதிக்கக் கூடாது. ஆனால் வரிச் சலுகை அதிகம் கிடைப்பது விலை உயர்ந்த, முதிர்ந்த ஒயின்களுக்கே. இந்திய ஆலைகள் தம் ‘ரிசர்வ்’ ஒயின்களை விற்க முயலும் அதே படியில்தான் அவை போட்டியாக வந்து நிற்கும். அப்போது ‘ரிசர்வ்’ என்ற சொல்லுக்கு எத்தனை மாதம் என்று கேட்கும் வாடிக்கையாளர்கள் பெருகுவார்கள்.

வாங்குவோர் கவனத்துக்கு

முதிர்ந்த ரியோஹாவை அடையாளம் காண, முன்புறப் பெயரைவிடப் பின்புற முத்திரையையும் அறுவடை ஆண்டையும் பார்ப்பது பயன் தரும். இந்திய ஒயினில் பீப்பாய்க் காலம் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்க்கலாம். அச்சிடப்படாவிட்டால், ‘ரிசர்வ்’ என்பதைப் பெயராக மட்டும் கொள்வது நல்லது.

சேமிப்பு அதைவிட முக்கியமானது. ஸ்பெயின் நிலவறையில் ஐந்து ஆண்டு காத்த ஒயின், சென்னையிலோ புனேயிலோ கோடை வெயில் படும் அலமாரியில் சில வாரங்களில் பாழாகலாம். ‘அறை வெப்பநிலையில் பரிமாறவும்’ என்ற ஐரோப்பிய அறிவுரை 30 டிகிரி தாண்டும் நம் அறைகளுக்குப் பொருந்தாது. 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் இத்தகைய ஒயினுக்கு ஏற்றது. பரிமாறும் முன் சிறிது நேரம் குளிர்பெட்டியில் வைப்பது தவறன்று. பழைய புட்டியில் வண்டல் இருந்தால் அது கலப்படம் ஆகாது. புட்டியை ஒரு நாள் நிமிர்த்தி வைத்து, மெல்லச் சாய்த்து வேறு பாத்திரத்தில் ஊற்றினால் தெளிவாகக் கிடைக்கும்.

மத்தியதரைக் கடல் நாடுகளின் ஒயின் தமிழ் நிலத்துக்குப் புதிதன்று. யவனர் கொண்டுவந்த மதுவைப் பற்றிப் புறநானூறு பேசுகிறது. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில், அந்நாடுகளின் இருகைப்பிடிச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. அன்று கப்பலில் வந்தது சாடி. இன்று வருவது முத்திரையிட்ட புட்டி.

மகாராஷ்டிரத்தின் திராட்சை ஒருநாள் அந்தப் புட்டிக்கு இணையாக முதிருமா என்பது, ஏற்ற வகைகளையும் வேர்க்கன்றுகளையும் தேடும் மாஞ்சரி ஆய்வுகளை ஓரளவே பொறுத்தது. ரியோஹாவில் சிறு உழவர்களால் தாங்க முடியாமல்போன அந்தக் காத்திருப்புச் செலவை, இங்கு உழவர் தலையில் சுமத்தாமல் ஏற்க யார் முன்வருகிறார்கள் என்பதே மீதியைத் தீர்மானிக்கும்.

(மது அருந்துதல் உடல்நலத்துக்குத் தீங்கு விளைவிக்கும். மது அருந்திவிட்டு வாகனம் ஓட்டக் கூடாது.)